ஐம்பது கிலோ ரகசியம்

கிளம்ப மாட்டேன் என்றது விமானம்.

1964-ம் வருஷம். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊருக்குப் பக்கத்தில், புக்கர் என்றொரு சின்ன விமானத் திடல். அங்கே நின்றுகொண்டிருந்த வஸ்துவை விமானம் என்று சொல்லக் கொஞ்சம் பெரிய மனசு வேண்டும். மேலே ஒரு இறக்கை. அதற்குக் கீழே, இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் பைலட் உட்கார ஓர் இடம். பின்னால் நீளமாக ஒரு வால். அவ்வளவுதான். கதவு, ஜன்னல், கண்ணாடி எதுவும் கிடையாது. பட்டம் விடும் நூலைப் பிடித்தபடி மனுஷனும் பட்டத்தோடு போனால் எப்படி இருக்கும்? அப்படி.

இன்ஜின் உறுமியது. விமானம் ஓடியது. லேசாக ஒரு தத்துத் தத்தியது. மறுபடி தரை. ம்ஹூம். மேலே போகவே இல்லை.

கட்டியவர்களுக்குப் புரியவில்லை. இதே மாதிரி விமானம் 1909-ல் பிரான்ஸில் ஜம்மென்று பறந்திருக்கிறது. பல பேர் ஓட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு இருந்ததைவிட அதிக சக்தியுள்ள இன்ஜினை வேறு மாட்டியிருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வருஷத்தில் விமானத் தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது. ஜெட் வந்தாயிற்று, ராக்கெட் வந்தாயிற்று. இந்தக் குட்டி சமாசாரம் நாலு அடி எழும்ப மாட்டேன் என்றால்?

எதற்காக இதைக் கட்டினார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சினிமாவுக்காக. ‘தோஸ் மேக்னிஃபிசென்ட் மென் இன் தேர் ஃப்ளையிங் மெஷின்ஸ்.’ 1965-ல் வெளிவந்த படம். டைரக்டர் கென் அன்னகின். 1910-ல் லண்டனிலிருந்து பாரிஸுக்கு நடக்கும் ஒரு கற்பனை விமானப் பந்தயம்தான் கதை. ஒவ்வொரு நாட்டுக்காரனும் தன் நாட்டு மானத்தைக் காப்பாற்ற ஒரு ஓட்டை விமானத்தில் ஏறி வருவான். நல்ல நகைச்சுவைப் படம்.

இந்தக் காலமாக இருந்தால் கம்ப்யூட்டரில் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்கு அந்த வசதி இல்லை. மாடல் பொம்மைகளைக் கயிறு கட்டி இழுத்திருக்கலாம். அன்னகின் கோஷ்டி அப்படிச் செய்யாமல், நிஜமாகவே பறக்கும் பழைய விமானங்களைக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தது. ஒவ்வொன்றுக்கும் சுமார் 5,000 பவுண்டு ஆனது. அன்றைய தேதிக்கு அது ரொம்பப் பெரிய பணம்.

பொறுப்பு ஏர் கமோடர் ஆலன் வீலரிடம் வந்தது. ஓய்வுபெற்ற விமானப் படை அதிகாரி. பழைய விமானங்களைப் பறக்கும் நிலையிலேயே வைத்துக் காப்பாற்றும் ஷட்டில்வொர்த் கலெக்‌ஷனோடு நெருங்கிய தொடர்புள்ளவர். வீலர் வைத்துக்கொண்ட விதி எளிமையானது. உடம்பு பழசு மாதிரியே இருக்க வேண்டும். அதே வடிவம், அதே அளவு, முடிந்தவரை அதே கட்டுமானம். இன்ஜின் மட்டும் புதுசு. 1910-ம் வருஷத்து இன்ஜின்கள் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. ஷூட்டிங் நடக்கும்போது அதையெல்லாம் நம்பிக்கொண்டிருக்க முடியுமா?

சரி, இன்ஜினை மாற்றிவிட்டு ‘அதே விமானம்’ என்று சொன்னால் மோசடி இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் அசல் விமானத்தைவிட, இன்ஜின் மாற்றப்பட்டு வானத்தில் பறக்கும் ஒரு நகல் நமக்கு அதிகம் சொல்லிக் கொடுக்கும் என்பது என் கட்சி. நிற்கிற விமானம் பொய் சொல்லும். பறக்கிற விமானத்தால் முடியாது.

வேலையைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏவ்ரோ டிரைப்ளேன் என்ற மூன்றடுக்கு இறக்கை விமானத்தை ஹாம்ப்ஷயர் ஏரோ கிளப் கட்டியது. 1910-ல் அதிலிருந்தது 35 குதிரைசக்தி இன்ஜின். நகலில் 90 வைத்தார்கள். பிரமாதமாகப் பறந்தது. பிரிஸ்டல் பாக்ஸ்கைட் என்ற பெட்டிப் பட்டத்தைக் கட்டியது எஃப்.ஜி. மைல்ஸ் கம்பெனி. அதுவும் ஒழுங்காகவே பறந்தது. இந்த இரண்டும் படம் முடிந்தபிறகு ஷட்டில்வொர்த் கலெக்‌ஷனுக்கே போய்ச் சேர்ந்தன. காற்றில்லாத மாலை வேளைகளில் அவற்றைப் பறக்கவிட்டு ஜனங்களுக்குக் காட்டுவது அங்கே பல வருஷத்து வழக்கம்.

ஆன்டாய்னெட்தான் படுத்தியது. பார்க்க அத்தனை அழகான விமானம் அந்தக் காலத்தில் கிடையாது. ஆனால் இறக்கை தொளதொளவென்று வளைந்தது. எக்ஸ்ட்ரா கம்பிகள் கட்டிப் பார்த்தார்கள். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துத் திருப்ப, இறக்கையையே முறுக்கும் பழைய முறை சரிப்படாமல், எய்லரான் என்கிற அசையும் பலகைகளை இறக்கையில் வைத்தார்கள். அப்போதும் நேர்க்கோட்டில் போகவிட்டுப் படம் பிடிப்பதுதான் உத்தமம் என்று ஆகிவிட்டது. இதை வைத்துக்கொண்டு ஒரு காலத்தில் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டப் பார்த்தார்களே என்று நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது.

ஆனால் ஆன்டாய்னெட்டின் பிரச்னை இன்னதென்று தெரிந்தது. இறக்கை வீக், அவ்வளவுதான். நாம் முதலில் பார்த்த புக்கர் விமானத்தின் கதை அப்படி இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. பறக்கவில்லை.

அதன் பெயர் டெம்வாஸெல். பிரெஞ்சு மொழியில் குமரிப் பெண் என்று அர்த்தம். அதே சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. ஊசித்தட்டான். குளத்தங்கரையில் பார்த்திருப்பீர்கள். தட்டானுக்குத் தம்பி மாதிரி, உடம்பு ஊசியாய், இறக்கை கண்ணாடியாய்ப் பறக்குமே, அதுதான். பெயர் வைத்தவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது.

அதை உருவாக்கியவர் அல்பெர்டோ சான்டோஸ் டூமோன்.

இந்த ஆளைப் பற்றி ஒரு தனிப் புத்தகம் எழுதலாம். பிரேசில்காரர். அப்பாவுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் காபித் தோட்டம். பிள்ளை பாரிஸுக்கு வந்து, காபிப் பணத்தை ஆகாயத்தில் விட்டுக்கொண்டிருந்தார். நிஜமாகவே ஆகாயத்தில். 1901-ல் தன் நீள பலூன் கப்பலில் ஈஃபில் கோபுரத்தைச் சுற்றிவந்து ஒரு பெரிய பரிசை ஜெயித்தார். கிடைத்த பணத்தைப் பாரிஸ் நகரத்து ஏழைகளுக்கும் தன்னிடம் வேலை செய்தவர்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். பறக்கும்போது இரண்டு கையும் வேலையாக இருக்கிறது, பாக்கெட் கடிகாரத்தை எடுத்துப் பார்க்க முடியவில்லை என்று நண்பர் லூயி கார்ட்டியேவிடம் ஒரு தடவை அலுத்துக்கொண்டார். கார்ட்டியே கையில் கட்டிக்கொள்ளும் கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். ‘சான்டோஸ்’ என்ற பெயரில் கார்ட்டியே கம்பெனி இன்றைக்கும் வாட்ச் விற்கிறது.

1906-ல் பாரிஸ் பகாடெல் மைதானத்தில் ‘14-பிஸ்’ என்ற விமானத்தில் ஏறி ஊரறியப் பறந்தார். அக்டோபர் 23-ம் தேதி 60 மீட்டர். நவம்பர் 12-ம் தேதி 220 மீட்டர். விமானத்தைக் கண்டுபிடித்தது யார் என்று ஒரு பிரேசில்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ரைட் சகோதரர்கள் என்று செத்தாலும் சொல்ல மாட்டார். 2016-ல் ரியோ ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் மைதானத்திலிருந்து ஒரு விசித்திர விமானம் எழும்பிப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? அது 14-பிஸ்ஸின் நகல். அமெரிக்காக்காரர்கள் முகம் சுளித்திருப்பார்கள்.

ஆச்சா? இப்போது டெம்வாஸெல்.

1907 நவம்பரில் முதல் வடிவம் வந்தது. அதில் 20 குதிரைசக்தி இன்ஜின். பறந்தது, ஆனால் திருப்தியில்லை. உடைத்து, மாற்றி, திரும்பக் கட்டி, 1909-ல் நல்ல வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அப்போது இன்ஜின் 35 குதிரைசக்தி வரைக்கும் போயிருந்தது. இறக்கையின் மொத்த அகலம் ஐந்து, ஐந்தரை மீட்டர். ஒரு மினி பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினால் அதைவிட நீளம். விமானத்தின் முதுகெலும்பு மூன்று மூங்கில் கழிகள். ஆமாம், மூங்கில். நம் ஊரில் பந்தல் போடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். கனமில்லாமல் இருக்கும், வளையும், லேசில் உடையாது. இறக்கைக்குப் பட்டுத் துணி. எல்லாம் சேர்த்து எடை சுமார் 110 கிலோ. இன்றைக்கு நாம் ஓட்டுகிற பல மோட்டார் சைக்கிள்கள் இதைவிடக் கனம்.

ஓட்டுகிற விதம்தான் வேடிக்கை. பைலட் இறக்கைக்குக் கீழே ஒரு கேன்வாஸ் பட்டையில் உட்கார வேண்டும். மூக்குக்கு மேலே இன்ஜின். ஒரு கையில் நெம்புகோல். அது வாலை மேலும் கீழும் அசைக்கும். இன்னொரு கையில் ஒரு சின்னச் சக்கரம். அது வாலை இடமும் வலமும் திருப்பும். இரண்டு கையும் தீர்ந்துவிட்டது. இறக்கையை முறுக்கிச் சமநிலைப்படுத்த வேண்டுமே, அதற்கு?

முதுகு!

சான்டோஸ் டூமோன் தன் கோட்டின் முதுகுப்பக்கத்தில் ஒரு பை தைத்துக்கொண்டார். இறக்கைக் கம்பிகளோடு இணைந்த ஒரு நெம்புகோல் அந்தப் பைக்குள் செருகியிருக்கும். விமானம் வலப்பக்கம் சரிந்தால் மனுஷன் இடப்பக்கம் சாய்வார். கம்பி இழுபடும், இறக்கை முறுக்கிக்கொள்ளும், விமானம் நேராகும். சைக்கிளில் வளைவு எடுக்கும்போது யோசித்தா சாய்கிறோம்? அந்த மாதிரி. கோட்டைக் கழற்றினால் விமானத்தில் ஒரு பாகம் குறையும். அதாவது, பைலட் விமானத்தில் ஏறுவதில்லை. விமானத்தைப் போட்டுக்கொள்கிறார்.

இந்த விஷயத்தை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1909 செப்டம்பரில் செய்ன்ட்-சிர் என்ற இடத்திலிருந்து பூக் என்ற இடத்துக்கு, ஏறக்குறைய 8 கிலோமீட்டரை 5 நிமிஷத்தில் கடந்தார். ஒரு நண்பரைப் பார்க்கப் போனார். அவ்வளவுதான் காரணம். கார் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. மனுஷனின் கனவே அதுதான். ஆளுக்கொரு விமானம் இருக்க வேண்டும். வீட்டு வாசலில் நிறுத்திவைத்திருக்க வேண்டும். வேண்டும்போது ஏறிப் போய்விட வேண்டும்.

அதனால்தான் அவர் டெம்வாஸெல்லுக்குக் காப்புரிமை வாங்கவில்லை. அதே காலகட்டத்தில் ரைட் சகோதரர்கள் தங்கள் காப்புரிமையைக் காப்பாற்றிக்கொள்ளக் கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். இவரோ வரைபடங்களை இந்தா எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். 1910 ஜூன், ஜூலை இதழ்களில் அமெரிக்காவின் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ பத்திரிகை அளவுகளோடு அவற்றை அச்சடித்தது. யார் வேண்டுமானாலும் வீட்டுத் தோட்டத்தில் கட்டிக்கொள்ளலாம். கட்டத் தெரியாதவர்களுக்காக கிளமென்ட்-பேயார் என்ற பிரெஞ்சுக் கம்பெனி செய்து விற்றது. விலை 7,500 ஃபிராங்க். வாங்கியவர்களில் சிலர் பின்னால் பெரிய ஆள்கள் ஆனார்கள். பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் நடக்கிறதே, ரோலண்ட் கேராஸ் ஸ்டேடியம், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் டென்னிஸ் வீரர் இல்லை. விமானி. அவர் பழகியது டெம்வாஸெல்லில்தான்.

ஆக, இந்த விமானத்தைப் பற்றித் தெரியாதது எதுவுமே இல்லை. மூங்கில் எத்தனை தடிமன், கம்பி எங்கே கட்ட வேண்டும், இறக்கை எவ்வளவு வளைய வேண்டும், எல்லாம் அச்சில் இருக்கிறது. அசல் விமானம் ஒன்று பாரிஸுக்குப் பக்கத்தில் லெ பூர்ஜே மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் நேரில் போய் அளந்தே பார்க்கலாம்.

அப்புறமும் புக்கரில் அது ஏன் பறக்கவில்லை?

டெம்வாஸெல்லைக் கட்டியது டக் பியாங்கி என்பவரின் ‘பர்சனல் ப்ளேன் சர்வீசஸ்’. வீலரும் அவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். விமானத்தில் என்ன தப்பு என்று தேடித் தேடிக் கடைசியில், விமானத்தில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்.

சான்டோஸ் டூமோன்.

மனுஷன் ரொம்பச் சின்ன உருவம். குள்ளம். ஒல்லி. உயரமாகத் தெரிய வேண்டுமென்று குதிகால் உயர்ந்த ஷூ, நெட்டுக்குத்தான காலர், மேலே பனாமா தொப்பி என்று வளைய வந்தவர். எடை சுமார் 50 கிலோ. டெம்வாஸெல்லை அவர் யாருக்காகக் கட்டினார்? ஊருக்கே கொடுத்தார் என்பது பிறகு. முதலில் தனக்காகத்தான் கட்டிக்கொண்டார். நல்ல தையற்காரர் கோட்டு தைப்பது மாதிரி, தன் உடம்புக்கு அளவெடுத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானம் 110 கிலோ, ஆள் 50 கிலோ. மொத்தம் 160. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பைலட். இப்போது அதில் சாப்பாட்டுக்குக் குறை வைக்காத ஓர் 80 கிலோ ஆளை உட்கார வையுங்கள். மொத்தம் 190. எடை ஒரேயடியாக ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது. அதே இறக்கையில் அந்த எடையைத் தூக்க, முன்னைவிட வேகமாக ஓட வேண்டும். வேகமாக ஓட இன்ஜின் கூடுதலாக இழுக்க வேண்டும். எடை இந்த அளவு கூடினால் தேவைப்படும் சக்தி சுமார் 30 சதவிகிதம் கூடிவிடும். எழுபது, எண்பது டன் எடையுள்ள பயணிகள் விமானத்தில் ஒருவர் 30 கிலோ கூடுதலாக இருந்தால் அவர் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. டெம்வாஸெல்லுக்குத் தெரியும். பழைய மொபெட்டில் மச்சானைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறியவர்களுக்கும் தெரியும்.

எல்லா வரைபடத்திலும் எல்லா அளவும் இருந்தது. பைலட்டின் அளவு மட்டும் இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வரைந்தவருக்கேகூடத் தோன்றியிருக்காது. தன் உடம்பை யார் ஒரு அளவாக நினைக்கிறார்கள்? ஐம்பது வருஷம் கழித்து, அதே விமானத்தைக் கட்டி, அது பறக்க மறுத்த பிறகுதான் அந்த விடுபட்ட எண் வெளியே வந்தது.

சரி, 50 கிலோ பைலட்டுக்கு எங்கே போவது? அதுவும், தொட்டால் கோபித்துக்கொள்ளும் ஒரு விமானத்தை ஓட்டத் தெரிந்த பைலட்டுக்கு?

வீலருக்கு ஜோன் ஹ்யூஸ் கிடைத்தார்.

யார் இவர்? பதினேழு வயசிலேயே, 1935-ல், பைலட் லைசென்ஸ் வாங்கியவர். அன்றைக்கு பிரிட்டனில் அந்த வயசில் லைசென்ஸ் வைத்திருந்த பெண் வேறு யாரும் இல்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. தொழிற்சாலையில் செய்த போர் விமானங்களை விமானப் படைத் தளங்களுக்கு ஓட்டிப்போய்ச் சேர்க்க ஏ.டி.ஏ. என்று ஒரு துணை அமைப்பை உருவாக்கினார்கள். அதில் பெண்களையும் சேர்க்கலாம் என்று முடிவாகி, 1940 ஜனவரியில் முதல் எட்டுப் பேர் வேலைக்கு வந்தார்கள். எட்டுப் பேரில் சின்னவர் ஜோன் ஹ்யூஸ்.

ஊரில் இதற்கு எழுந்த புகைச்சல் கொஞ்ச நஞ்சமல்ல. ஆண்கள் வேலையைப் பெண்கள் பறிப்பதா என்று கடிதங்கள் பறந்தன. ஒரு விமானப் பத்திரிகையின் ஆசிரியர், ஆஸ்பத்திரித் தரையை ஒழுங்காகத் துடைக்கக்கூட அறிவில்லாத பெண்கள் வேகமான குண்டுவீச்சு விமானம் ஓட்ட ஆசைப்படுவதுதான் பெரிய ஆபத்து என்கிற ரீதியில் எழுதினார். அதே வேலைக்குப் பெண்களுக்கு ஆண்களைவிட 20 சதவிகிதம் சம்பளம் கம்மி. 1943-ல்தான் சமமாக ஆக்கினார்கள்.

ஜோன் ஹ்யூஸ் எதற்கும் பதில் எழுதிக்கொண்டிருக்கவில்லை. ஸ்பிட்ஃபயர் ஓட்டினார். ஹரிக்கேன் ஓட்டினார். கடைசியில் நாலு இன்ஜின் கனரக குண்டுவீச்சு விமானங்களே ஓட்டினார். அந்தத் தகுதி பெற்ற பெண்கள் மொத்தம் பதினோரு பேர்தான். ஸ்டெர்லிங் என்ற ராட்சச குண்டுவீச்சு விமானத்தின் பக்கத்தில் அவர் நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. விமானத்தின் சக்கரமே அவர் உயரத்துக்கு நிற்கிறது. பார்த்தால் இந்தப் பெண் இதை ஓட்டப்போகிறாளா, இதன் கீழே விளையாட வந்தாளா என்று தோன்றும். போர் முடிந்து, 1946-ல் அரசாங்கம் விருது கொடுத்தது. அதற்குப் பிறகு அவர் பார்த்த உத்தியோகம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. வாத்தியார் வேலை.

அந்தச் சின்ன உருவத்தை வைத்துத்தான் எத்தனை பேர் அவரை எடைபோட்டிருப்பார்கள்! இப்போது அதே உருவம்தான் தேவைப்பட்டது. ஸ்டெர்லிங்கின் முன்னால் எது குறையாகத் தெரிந்ததோ, டெம்வாஸெல்லின் கீழே அதுவேதான் தகுதி. இரண்டையும் ஓட்டியவர் ஒரே ஆள்.

ஜோன் ஹ்யூஸ் ஏறி உட்கார்ந்தார். டெம்வாஸெல் பறந்தது.

படத்தில் அந்த விமானத்தை ஓட்டுவது பியர் டுபுவா என்ற பிரெஞ்சுக்காரப் பாத்திரம். ழான்-பியர் கஸேல் நடித்தார். பெண்ணைக் கண்டால் பந்தயத்தையே மறந்துவிடும் ஆசாமி. ஆனால் வானத்தில் அந்த மூங்கில் தட்டான் பறக்கிற காட்சிகளில், கீழே தொங்கிக்கொண்டு போவது நாற்பத்தாறு வயசு ஜோன் ஹ்யூஸ். தியேட்டரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்து இதே பாடத்தை அமெரிக்கா வேறு மாதிரி படித்தது. 2003 டிசம்பர் 17. ரைட் சகோதரர்கள் பறந்து நூறு வருஷம். அதே கிட்டி ஹாக் மணல்வெளி. கென் ஹைட் என்பவரின் குழு வருஷக்கணக்கில் உழைத்து 1903 விமானத்தை அச்சு அசலாகக் கட்டியிருந்தது. இங்கே இன்ஜினும் பழைய மாதிரியேதான். அதில் பைலட் குப்புறப் படுத்துக்கொண்டு, இடுப்பை அசைத்து இறக்கையை முறுக்க வேண்டும். இங்கேயும் உடம்புதான் ஸ்டீயரிங். ஒத்திகையில் நவம்பர் 20-ம் தேதி 97 அடி பறந்தது. டிசம்பர் 3-ம் தேதி 115 அடி. விழா நாளில் முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். ஜனாதிபதி புஷ் வந்து பேசிவிட்டுப் போனார்.

மழை கொட்டியது. காற்றோ போதவில்லை. 1903-ல் அன்றைக்கு மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தது. ரைட் விமானம் எழும்ப அந்தக் காற்றில்தான் பாதி பலம். மதியம் மழை விட்டதும் முயற்சி செய்தார்கள். விமானம் தண்டவாளத்தில் ஓடி, மூக்கைத் தூக்கி, பொத்தென்று சேற்றுக் குட்டையில் உட்கார்ந்துவிட்டது. மரம், துணி, இன்ஜின் எல்லாவற்றையும் நகல் எடுத்தவர்களால் காற்றை நகல் எடுக்க முடியவில்லை.

சிலர் இதைத் தோல்வி என்று எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த இரண்டு சைக்கிள் கடைக்காரர்கள் எவ்வளவு மெல்லிய நூலில் நடந்திருக்கிறார்கள் என்பதைச் சரித்திரப் புத்தகங்களைவிட அந்தச் சேற்றுக் குட்டை நன்றாகச் சொன்னது.

சான்டோஸ் டூமோனின் கதை நல்லபடியாக முடியவில்லை. 1910-ல் ஒரு விபத்துக்குப் பிறகு பறப்பதை நிறுத்திக்கொண்டார். நோய் வந்தது. முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். ஆளுக்கொரு விமானம் என்று கனவு கண்டவரை அது உள்ளுக்குள் அரித்தது. பிரேசிலுக்கே திரும்பினார். 1932-ல் அங்கே உள்நாட்டுக் கலகம் மூண்டு, சொந்த நாட்டு விமானங்கள் சொந்த நாட்டு ஜனங்கள்மீதே குண்டு போட்டன. அந்த ஜூலை 23-ம் தேதி, குவாருஜா என்ற கடற்கரை ஊரில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஐம்பத்தொன்பது வயசு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

ஜோன் ஹ்யூஸ் 1985 வரை விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1993-ல் காலமானார். நடுவில் ஒரு கேஸ் வேறு. 1968-ல் வெளிவந்த ‘தண்டர்பேர்ட் 6’ என்ற பொம்மலாட்டப் படத்துக்காக, ஹை விக்கம் பக்கம் அப்போது கட்டிக்கொண்டிருந்த நெடுஞ்சாலையின் பாலத்துக்கு அடியில் ஒரு டைகர் மாத் விமானத்தை ஓட்டிப்போக வேண்டியிருந்தது. பாலத்துக்குக் கீழே போகும்போது சக்கரம் தரையைத் தொட்டபடிதான் போக வேண்டும் என்று அதிகாரிகள் நிபந்தனை போட்டிருந்தார்கள். குறுக்குக் காற்று அடித்தது. தரையைத் தொட்டால் விமானம் கையை விட்டுப் போகும் என்று அவருக்குப் பட்டது. தொடாமல் பறந்தே கடந்துவிட்டார். ஆபத்தாக விமானம் ஓட்டியதாகக் குற்றச்சாட்டு, கோர்ட், விசாரணை. கடைசியில் குற்றமற்றவர் என்று விடுதலை.

அந்தப் படத்தில் மீதமிருந்த பறக்கும் காட்சிகளைத் தயாரிப்பாளர்கள் சின்ன மாடல் விமானங்களை வைத்தே எடுத்து முடித்தார்கள்.